ரெண்டு வயசு பாப்பாவோட பினாங்குல பிறந்தநாள் சாப்பாட்டு டூர்: போலாமா, எப்படிப் போறது?

தென்னாப்பிரிக்காவுல ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கம் மிட்ராண்ட்ல இருக்கிற அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். வீட்டுக்காரருக்கு வர்ற ஜூன் 20 அன்னிக்கு 40 வயசு முடியுது, அவருக்கு கேக், பார்ட்டி, பலூன் எதுவும் வேண்டாம், பத்து நாள் ஏசியால எங்கயாவது போய் தெருக்கடை சாப்பாடா சாப்பிட்டுத் தள்ளணும், அதுதான் ஆசைன்னு சொல்றாரு, பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர் மூணையும் லிஸ்ட் போட்டு வச்சிருக்காரு, பாப்பாவுக்கு ஜூன் 24 அன்னிக்கு ரெண்டு வயசு முடியுது, அவ தயிர்சாதம், வாழைப்பழம், சப்பாத்தி, பாஸ்தா இந்த நாலைத் தவிர வேற எதையும் வாயில வைக்க மாட்டேங்குறா, வேர்க்கடலையும் இறாலும் இதுவரைக்கும் குடுத்ததே இல்ல, திருச்சியில இருந்து மாமியார் ஃபோன் பண்ணி "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு திங்கிறதுக்காக ஊர் ஊரா சுத்தணுமா"ன்னு கேட்டுட்டாங்க, அதுல இருந்து எனக்கே தப்பு பண்றோமோன்னு இருக்கு, நீங்க சொல்லுங்க அக்கான்னு எழுதியிருக்கீங்க.

முதல்ல இதைச் சொல்லிடறேன். போங்க. குழந்தைகளோட சாப்பாட்டைப் பார்க்குறதே வேலையா வச்சிருக்கிற டயட்டீஷியனா சொல்றேன், ரெண்டு வயசுக் குழந்தையை ஒரு வாரம் வெளியூர் கூட்டிட்டுப் போறதால அதோட சாப்பாடும் கெட்டுப் போகாது வளர்ச்சியும் நின்னு போகாது. உங்க மாமியார் கவலைப்படுறதுல ஒரு நியாயம் இருக்கு, அதுக்கும் கீழ பதில் சொல்றேன், ஆனா அது போகாம இருக்கிறதுக்கான காரணம் இல்ல, எப்படிப் போகணும்னு யோசிக்கிறதுக்கான காரணம்.

மூணு ஊர் வேண்டாம், ஒரே ஊர் போதும். இதுல நான் விட்டே குடுக்க மாட்டேன். பத்து நாள்ல மூணு நாடுன்னா மூணு ஹோட்டல், மூணு கட்டில், மூணு தடவை பெட்டி கட்டுறது, நடுவுல ரெண்டு ஃப்ளைட், ரெண்டு வயசுக் குழந்தைக்கு புது ரூம்ல ராத்திரி நல்லா தூங்கவே ரெண்டு நாள் ஆகும், அவ பழகி முடிக்கும்போது நீங்க அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவீங்க. எந்த ஊருன்னு கேட்டா நான் மலேசியால இருக்கிற பினாங்குதான் சொல்வேன், அதோட தலைநகர் ஜார்ஜ் டவுன்லயே ஏழு ராத்திரி. சிங்கப்பூர் ஹாக்கர் சென்டர்களை, அதாவது தெருக்கடைங்க எல்லாம் ஒரே இடத்துல இருக்கிற சாப்பாட்டுக் கூடங்களை, குறை சொல்லல, 2020-ல அந்தக் கலாச்சாரத்தையே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க, சுத்தத்துக்கும் கேள்வியே இல்ல, ஆனா உங்க இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்க விசா எடுக்கணும், ரூம் வாடகையும் ரொம்ப ஜாஸ்தி. மலேசியாவுக்கு 2023 டிசம்பர்ல இருந்து இந்திய பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரைக்கும் விசா கேக்குறதில்ல, இது அப்பப்போ நீட்டிக்கிற சலுகைங்கிறதால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க, அங்க போய்ச் சேர்றதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல அரைவல் கார்டு போடணும், பாப்பாவுக்கும் தனியா போடணும்.

பினாங்கு சொல்றதுக்கு எனக்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கு. அங்க தமிழ்லயே பேசி சமாளிக்கலாம். பினாங்கு ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் சுத்தி இருக்கிற லிட்டில் இந்தியால, 1833-ல கட்டின மகாமாரியம்மன் கோயில் இருக்கிற தெருவுலயே, காலைல இட்லி, இடியாப்பம், பரோட்டா மாதிரி இருக்கிற ரொட்டி சானாய், பருப்பு எல்லாம் கிடைக்கும். இடியாப்பத்தை அங்க புத்து மாயம்னு சொல்வாங்க, தேங்காய்த்துருவலும் வெல்லச் சர்க்கரையும் போட்டுத் தருவாங்க, நம்ம ஆப்பம்தான் அங்க அப்போம். ஒரு குழந்தைக்கு "இதுல காரம் போட்டுருக்கா, இறால் சேர்த்திருக்கா, எப்ப செஞ்சது"ன்னு கடைக்காரர்கிட்ட உங்க பாஷையிலயே கேட்டு அவரும் அதே பாஷையில பதில் சொல்றதுக்கு எவ்ளோ மதிப்புன்னு, பாஷை புரியாத ஊர்ல குழந்தையோட மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் தெரியும். சீனக் கடையிலயும் மலாய்க் கடையிலயும் ரெண்டு வார்த்தை போதும், "தா மாவ் பெடாஸ்"னா காரம் வேண்டாம், "குராங் மானிஸ்"னா சர்க்கரை கம்மியா.

இப்ப நான் முக்கியமா சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வரேன். நீங்க லெட்டர்ல "ராத்திரி கடைங்க எல்லாம் பாப்பா தூங்குற நேரத்துலதான் திறக்கும், அப்ப எப்படி"ன்னு கேட்டிருந்தீங்கல்ல, அதுக்கு விடை ஜோபர்க் கடிகாரத்துலயே இருக்கு. பினாங்கு நம்மளை விட 6 மணி நேரம் முன்னாடி. பாப்பா இங்க ராத்திரி ஏழரைக்குத் தூங்கி காலைல ஆறரைக்கு எழுந்திரிக்கிறா, மதியம் பன்னெண்டரைல இருந்து ரெண்டரை வரைக்கும் ஒரு தூக்கம்னு எழுதியிருக்கீங்க. அதை அப்படியே பினாங்கு நேரத்துல போட்டுப் பாருங்க, அவ உடம்புக்கு ராத்திரி ஆகுறது அங்க நடுராத்திரி ஒன்றரைக்கு, மதியத் தூக்கம் வர்றது சாயங்காலம் ஆறரைக்கு. அதாவது அங்க ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு அவ கண்ணு முழிச்சு குதிச்சுக்கிட்டு இருப்பா. எல்லாரும் ஜெட்லாக்கை எப்படிச் சரி பண்றதுன்னுதான் கேப்பாங்க, நான் உங்களுக்குச் சொல்றது அதை முழுசா சரி பண்ணாதீங்க, பாதியில நிறுத்துங்க. கிழக்குப் பக்கம் போகும்போது உடம்பு ஒரு நாளைக்கு சுமாரா ஒரு மணி நேரம்தான் நகரும், அதனால முதல் ரெண்டு மூணு நாள்லயே அவ தானா ராத்திரி பத்தரை மணித் தூக்கத்துக்கு வந்துடுவா, அங்கயே அவளை வச்சுக்கோங்க. காலைல ஒன்பது மணி வரைக்கும் கர்ட்டனை இழுத்து மூடி ரூமை இருட்டா வைங்க, ஒன்பதுக்கு மேல வெளிச்சத்துக்குக் கூட்டிட்டு வாங்க, மதியம் மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஹோட்டல்ல ஏசி போட்டுத் தூங்க வைங்க, அந்த நேரத்துல வெளியில வெயில் மண்டையைப் பிளக்கும், இல்லன்னா இடி மழை கொட்டும், எப்படியும் வெளிய போறதுக்கு லாயக்கில்லாத நேரம்தான் அது. அஞ்சரைக்கு எழுந்து பால் குடிச்சுட்டு ஆறரைக்குக் கிளம்புனா உங்களுக்கு ஒன்பதரை வரைக்கும் முழுசா மூணு மணி நேரம் இருக்கு, நியூ லேன், சூலியா ஸ்ட்ரீட், கர்னி டிரைவ்னு ராத்திரிச் சாப்பாட்டுக் கடைங்க இருக்கிற இடமெல்லாம் சூடு பிடிக்கிற நேரமும் அதுதான்.

இதுக்காகத்தான் சொல்றேன், ஜூன் 17 கிளம்பி 18 போய்ச் சேர்ற மாதிரி டிக்கெட் போடுங்க. பிறந்தநாள் மூணாவது ராத்திரி வரும், பிரயாணக் களைப்பும் போயிருக்கும், பாப்பா உடம்பும் இன்னும் பாதி ஜோபர்க்லயே இருக்கும். இதையே டூரோட கடைசி நாளா வச்சிருந்தீங்கன்னா ஏழு மணிக்கே உங்க தோள்ல தலை சாஞ்சிருப்பா. திரும்பி வந்தப்புறம் ரெண்டு மூணு நாள் விடியக்காலை மூணு மணிக்கு எழுப்பி விடுவா, ஜோபர்க் ஜூன் குளிர்ல அது கஷ்டம்தான், ஹீட்டரையும் ரெண்டு கதைப் புத்தகத்தையும் ரெடியா வச்சுக்கோங்க, முழுசா பினாங்கு நேரத்துக்கு மாத்திக் கூட்டிட்டு வந்தா அது ஒரு மணியா இருக்கும்ங்கிறதையும் நெனச்சுக்கோங்க. தூங்க வைக்கிற கம்மி மிட்டாய், மெலடோனின்ற தூக்க மாத்திரை, அலர்ஜி சிரப் எதுவும் டாக்டர் சொல்லாம குடுத்துடாதீங்க.

டிக்கெட் பத்தி ஒண்ணு, ஏன்னா இதுல பலபேர் ஏமாந்து வந்து சொல்லியிருக்காங்க. போகும்போது பாப்பாவுக்கு ரெண்டு வயசு ஆகல, வரும்போது ஆகிடுது. ரெண்டு முடிஞ்ச குழந்தை மடியில உக்காந்து வர முடியாது, திரும்புற ஃப்ளைட்டுக்கு தனி சீட் வாங்கியே ஆகணும். என் கருத்து, காசு முடியும்னா போறதுக்கும் சேர்த்தே சீட் வாங்கிடுங்க, ஜோபர்க்ல இருந்து சிங்கப்பூர் நேர் ஃப்ளைட்டே பத்து மணி நேரத்துக்கு மேல, மடியில வச்சு வந்தா மூணு பேருக்குமே தூக்கம் கிடையாது. சிங்கப்பூர் வழியா பினாங்கு வரைக்கும் ஒரே டிக்கெட்டா போடுங்க, பெட்டி நேரா பினாங்குக்குப் போயிடும், சிங்கப்பூர் இமிக்ரேஷன் பக்கமே போக வேண்டியதில்ல. அடிஸ் அபாபா, நைரோபி வழியா சீப்பா கிடைக்குதுன்னு போடுறதா இருந்தா அங்க 12 மணி நேரத்துக்கு மேல தங்குற மாதிரி போடாதீங்க, மலேசியாலயும் திரும்பி வரும்போது இங்கயும் மஞ்சள் காய்ச்சல் ஊசி சர்டிஃபிகேட் கேப்பாங்க. பாப்பாவோட சவுத் ஆப்பிரிக்க விசாவும் பர்த் சர்டிஃபிகேட்டும் கையில வச்சுக்கோங்க, செக்-இன் பெட்டியில போட்டுடாதீங்க.

சரி, சாப்பாடு. பாப்பா நாலு ஐட்டம்தான் சாப்பிடுறான்னு எழுதினதுல உங்க மனசு நொந்து போயிருக்கிறது தெரியுது. தங்கச்சி, இது உங்க வளர்ப்புல வந்த குறை இல்ல. முதல் வருஷம் குழந்தை சுமாரா 25 சென்டிமீட்டர் வளருது, ரெண்டாவது வருஷம் அதுல சுமாரா பாதிதான், அதனால பசியே குறைஞ்சு போகும், அதோட இந்த வயசுலதான் புதுசா எதைப் பார்த்தாலும் வேண்டாம்னு தள்ற குணமும் வரும், ஒரு புது சாப்பாட்டை பத்து பதினஞ்சு தடவை பார்த்து, தொட்டு, துப்பி, அப்புறம்தான் சில குழந்தைங்க முழுங்கும். அமெரிக்காவுல எலின் சாட்டர்னு ஒரு டயட்டீஷியன் சொன்ன வழியைத்தான் நான் என்கிட்ட வர்ற எல்லா அம்மாக்களுக்கும் சொல்றேன், என்ன குடுக்குறது, எப்ப குடுக்குறது, எங்க உக்கார வச்சுக் குடுக்குறதுன்றது பெரியவங்க பொறுப்பு, சாப்பிடுறதா வேண்டாமா, எவ்வளவு சாப்பிடுறதுன்றது குழந்தையோட பொறுப்பு. ஊர்லயும் இதேதான், டூர்லயும் இதேதான்.

இதை நான் சொல்ற அளவுக்குச் சுலபமா நானும் கத்துக்கல. என் பையனுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது பாங்காக் போனோம், அஞ்சு நாள், அவன் பாலும் வாழைப்பழமும் தவிர எதையும் தொடல, நான் ஒவ்வொரு கடையிலயும் ஒரு கிண்ணத்தை வச்சுக்கிட்டு அவன் பின்னாடியே ஓடினேன், மொபைல்ல வீடியோ காட்டி வாயைத் திறக்க வச்சேன், கெஞ்சினேன், ஒரு நாள் கோவத்துல திட்டியும் விட்டேன், ஊருக்கு வந்து எடை பார்த்தா அவன் நூறு கிராம்கூட குறையல. அந்த அஞ்சு நாள்ல நான் என்ன சாப்பிட்டேன்னு எனக்கு இன்னிக்கும் ஞாபகம் வரல, அதுதான் எனக்கு வருத்தம். அதனாலதான் உங்ககிட்ட கெஞ்சிக் கேக்குறேன், பாப்பா ஒரு வாரம் தயிர்சாதமும் வாழைப்பழமுமே சாப்பிட்டாலும் பரவாயில்ல, நீங்க ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுங்க.

அதுக்கு ரூம்ல ஒரு சின்ன ஏற்பாடு வேணும். கிச்சன் இருக்கிற அப்பார்ட்மென்ட் எடுங்க, இல்லன்னா இங்கருந்தே ஒரு குட்டி ரைஸ் குக்கர், ப்ளக் அடாப்டரோட. அரிசியும் தயிரும் அங்க எந்த சூப்பர் மார்க்கெட்லயும் கிடைக்கும், பாலும் பாக்கெட்ல கிடைக்கும், ஒரு நாளைக்கு 350-ல இருந்து 500 மில்லி வரைக்கும் பால் போதும், அதுக்கு மேல குடுத்தா சோத்துப் பசி போயிடும். ஃபோர்ட்ஸ்பர்க் கடையில பருப்புப்பொடியும் நெய்யும் வாங்கிக்கோங்க, அவளுக்குப் பழகின ரஸ்க், ஓட்ஸ் ஒரு பாக்கெட். பில்டாங், அந்தக் காய வச்ச இறைச்சி, அதை மட்டும் பெட்டியில வைக்காதீங்க, இறைச்சியை எந்த ரூபத்துலயும் பர்மிட் இல்லாம மலேசியாவுக்குள்ள கொண்டு போகக்கூடாது. சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி ரூம்லயே அரை வயிறு தயிர்சாதம் குடுத்துடுங்க, அதுக்கப்புறம் கடையில அவ கையில ஒரு துண்டு இடியாப்பமோ ஆப்பமோ இருந்தாப் போதும், சாப்பிட்டா சந்தோஷம், பிச்சுப் போட்டு விளையாடினா அதுவும் பழகுறதுதான்.

அவ முன்னாடி எதெல்லாம் வைக்கலாம்னா, ரொட்டி சானாய் பருப்போட, அது அவளுக்கு சப்பாத்தி மாதிரியேதான் தெரியும், சிக்கன் ரைஸ்ல சிக்கனைப் பிச்சு, தாவ் ஃபூ ஃபான்னு சூடான மெத்துனு சோயா டோஃபு, பாகு கொஞ்சமா விடச் சொல்லி, ஆவி பறக்குற பாவ்ன்ற பன், சீனக் கஞ்சி, பப்பாளி நீங்களே வாங்கி நீங்களே வெட்டி. பாஸ்தா சாப்பிடுற குழந்தைக்கு நூடுல்ஸ் பெருசா வித்தியாசமா தெரியாது, வான்டன் மீ, சார் குவே தியாவ் இதுலருந்து ரெண்டு இழையை எடுத்து குட்டி கத்திரிக்கோலால பொடியா வெட்டி வைங்க, அந்தக் கத்திரிக்கோலைப் பெரிய பெட்டியில வைங்க. சூப்புத் தண்ணியை மட்டும் குடிக்க விடாதீங்க, உப்பு ரொம்ப ஜாஸ்தி, இந்த வயசுக்கு ஒரு நாளைக்கே 2 கிராம் உப்புதான் கணக்கு.

உங்க வீட்டுக்காரர் சாப்பிடுற தட்டுல இருந்து அவளுக்குப் போகக் கூடாததும் இருக்கு. சார் குவே தியாவ்ல கெராங்னு ஒரு சிப்பி போடுவாங்க, அது அரைவேக்காடா இருந்தாத்தான் ருசின்னு எடுப்பாங்க, அதுலதான் ஹெபடைட்டிஸ் ஏ வர்ற வாய்ப்பு, பாப்பாவுக்கு எடுத்து வைக்கிற தட்டுன்னா கெராங் வேண்டாம்னு சொல்லிடுங்க. அசாம் லக்சா மீனும் புளியும் போட்ட அருமையான சாப்பாடு, ஆனா அதுல இறால் விழுது, மிளகாய், அவளுக்கு வேண்டாம். கறி மீ-ன்ற நூடுல்ஸ் சூப்புல சில கடையில உறைஞ்ச பன்னி ரத்தத்தைச் சதுரமா வெட்டிப் போடுவாங்க, சீனக் கடை வறுவல்ல பன்னிக் கொழுப்பும் இருக்கும், உங்க வீட்ல அது ஆகாதுன்னா முன்னாடியே கேட்டுக்கோங்க. பெலாச்சான்ற இறால் விழுது கிட்டத்தட்ட எல்லா சம்பல்லயும் இருக்கும், காய்கறி வதக்கல்லயும் இருக்கும்.

தொண்டையில அடைக்கிற சாமான்தான் எனக்கு கிருமியை விடப் பெரிய பயம். மீன் உருண்டையை வட்டமா வெட்டாம நீளவாக்குல நாலா வெட்டணும். ஜூன்ல ரம்புத்தான், லோங்கான் எல்லாம் வண்டி வண்டியா வரும், அந்தப் பழம் வழுக்கி உருண்டையா இருக்கும், கொட்டையை எடுத்து பொடிசா நறுக்காம கையில குடுத்துடாதீங்க. ஜவ்வரிசி முத்து, கப்புல வர்ற ஜெல்லி, முழு வேர்க்கடலை, ஒட்டுற குய் மிட்டாய், ஐஸ் கட்டி இதெல்லாம் இந்த வயசுல வேண்டவே வேண்டாம். நடந்துக்கிட்டே சாப்பிட விடாதீங்க, ஸ்ட்ரோலர் ஆடும்போதும் வேண்டாம். துரியான் சீசன்தான் அது, பாலிக் புலாவ் பக்கம் தோட்டத்துக்கே போய்ச் சாப்பிடலாம், பாப்பாவுக்கு ஒரு விரல் நுனி வச்சுப் பாருங்க, ஆனா ஹோட்டலுக்குள்ள எடுத்துட்டு வர விட மாட்டாங்க.

வயித்துப்போக்கு பத்தித்தான் உங்க மாமியாருக்குக் கவலை, அது நியாயமான கவலை. கடையைப் பார்க்கும்போது கண்ணாடி, டைல்ஸ், போர்டு இதைப் பார்க்காதீங்க, க்யூவைப் பாருங்க, உங்க கண்ணு முன்னாடி வாணலியில வெந்து ஆவியோட தட்டுக்கு வருதான்னு பாருங்க. நாசி கண்டார் கடைங்க, நம்ம தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்துல காவடி மாதிரி கண்டார்க் கம்புல சட்டி தூக்கிட்டு வித்து வந்த சாப்பாடு அது, அதைச் சாப்பிடாம வந்துடாதீங்க, ஆனா குழம்புச் சட்டிங்க புதுசா வந்து இறங்குற நேரத்துக்குப் போங்க, மணிக்கணக்கா ஆறிக் கிடக்கிற சோத்துல வளர்ற ஒரு கிருமி சூடு பண்ணினாலும் அது விட்ட விஷம் போகாது. வெட்டி வச்ச பழம், மேசையில திறந்து கிடக்கிற சட்னி, பச்சைக் காய் இதெல்லாம் அவளுக்கு வேண்டாம். தண்ணி காய்ச்சினதோ பாட்டில்லயோ. சானிடைசரை மட்டும் நம்பாதீங்க, வாந்தி பேதி பண்ற நோரோ வைரஸ் அதுக்குச் சரியா சாகாது, சோப்புப் போட்டு கை கழுவுங்க.

அப்படியும் வந்துட்டா, தண்ணியில கரைச்சுக் குடுக்குற ஓஆர்எஸ் உப்பு சர்க்கரைப் பொடி பாக்கெட் ஒரு ஆறு கையில இருக்கட்டும். பாக்கெட் இல்லன்னா நீங்களே கரைக்க, இங்க கிளினிக்ல குடுக்குற புத்தகத்துல போட்டிருக்கிற கணக்கும் ஞாபகம் வச்சுக்கோங்க, காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணி, தலை தட்டின 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு தடவை தண்ணியா போனதுக்கப்புறமும் 50-ல இருந்து 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனா, ரெண்டு முடிஞ்சதும் 100-ல இருந்து 200. சோத்தை நிறுத்தாதீங்க. பேதி நிக்க பெரியவங்க போடுற லோபரமைட் மாத்திரையை உடைச்சுக் குடுக்குற பழக்கம் சில வீட்ல இருக்கு, அது இந்த வயசுக்கு ஆபத்து. ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகல, மலத்துல ரத்தம், கண்ணு உள்ள போயிருக்கு, துவண்டு போயிட்டா, எதைக் குடிச்சாலும் வாந்தி, இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி, மலேசியா எமர்ஜென்சி நம்பர் 999. டிராவல் இன்சூரன்ஸ்ல பாப்பா பேரும் இருக்கணும்.

இந்த வாரமே ஒரு டிராவல் கிளினிக்ல அப்பாயின்மென்ட் போடுங்க, ஹெபடைட்டிஸ் ஏ ஊசி ஒரு வயசுக்கு மேல போடலாம், இங்க அரசாங்க அட்டவணையில அது கிடையாது, டைஃபாய்டு பத்தியும் கேளுங்க. டெங்கு அங்க உண்டு, அந்தக் கொசு பகல்ல கடிக்கும், முழுக்கை காட்டன் சட்டையும் குழந்தைங்களுக்கு ஆகுற கொசுவிரட்டி க்ரீமும் வச்சுக்கோங்க. ஸ்ட்ரோலரை விட முன்னாடி கட்டிக்கிற கேரியர் மேல், ஜார்ஜ் டவுன்ல கடைங்க முன்னாடி இருக்கிற நடைபாதையில பைக்கும் படியுமா இருக்கும், தள்ளவே முடியாது. கார் சீட் உங்களோடதையே எடுத்துட்டுப் போங்க, கூப்பிடுற டாக்சியில எதிர்பார்க்க முடியாது.

பிறந்தநாளன்னிக்கு நான் என்ன பண்ணுவேன்னா, பெரிய ஹோட்டல் சாப்பாட்டை மதியத்துக்கு வைப்பேன். பினாங்கும் மிஷலின் கைடுல 2023 பதிப்புல இருந்து இருக்கு, ஆன்ட்டி கெய்க் லீன்னு ஒரு நோன்யா (சீனமும் மலாயும் கலந்த) சாப்பாட்டுக் கடைக்கு ஒரு ஸ்டார் குடுத்திருக்காங்க, அந்த மாதிரி இடங்கள்ல முன்னாடியே புக் பண்ணணும், குழந்தை வர்றதையும் சொல்லிக் கேட்டுக்கணும். பன்னெண்டு மணிக்குப் போய் உக்காந்தா பாப்பா அப்பதான் எழுந்து ரெண்டு மூணு மணி நேரம் ஆகியிருக்கும், நல்ல மூட்ல இருப்பா, மூணு மணித் தூக்கத்துக்கு ரூமுக்கு வந்துடலாம். ராத்திரி எல்லாரும் நியூ லேன் போங்க. அப்புறம் பாப்பா தூங்கினதும் உங்க வீட்டுக்காரரை மட்டும் தனியா ஒரு ரவுண்டு அனுப்பி விடுங்க, அவர் இஷ்டத்துக்கு நின்னு சாப்பிட்டு பன்னெண்டு மணிக்கு வரட்டும், நாப்பது வயசுல ஒரு மனுசனுக்கு அதைவிட நல்ல கிஃப்ட் எனக்குத் தோணல. அடுத்த நாள் ராத்திரி அவர் பாப்பாவோட இருக்கணும், நீங்க போகணும், இதை அவர்கிட்ட இப்பவே பேசி முடிச்சுக்கோங்க. தெரியாத ஊர்ல தெரியாத ஆள்கிட்ட பாப்பாவை விட்டுட்டுப் போறதை நான் சொல்ல மாட்டேன், இந்த வயசுல அம்மா கண்ணுல படலன்னா புது இடத்துல ரொம்ப பயந்துடுவாங்க.

மாமியாருக்கு என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. தயிர்சாதத்துக்கு ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போறோம் அத்தை, இட்லி இடியாப்பம் கிடைக்கிற ஊர்தான், ஊசி போட்டுட்டுத்தான் போறோம், மாரியம்மன் கோயில் பக்கத்துலயே ரூம் போட்டிருக்கோம்னு சொல்லுங்க. எல்லாமே உண்மை. பாப்பா பிறந்தநாளன்னிக்கு காலைல அந்தக் கோயில்ல இருந்தே அவங்களுக்கு வீடியோ கால் போடுங்க.

கடைசியா ஒரு வேலை, கிளம்புறதுக்கு முன்னாடி இங்கயே முடிக்க வேண்டியது. வேர்க்கடலை, முந்திரி, எள்ளு, இறால், இதை பாப்பா முதல் தடவை ருசிக்கிற இடம் பினாங்கா இருக்கக் கூடாது, ஏன்னா சாத்தே சாஸ், ரோஜாக் எல்லாத்துலயும் வேர்க்கடலை அரைச்சு விட்டிருப்பாங்க. வேர்க்கடலையை தள்ளிப் போட்டா அலர்ஜி வராதுன்னு நம்ம வீடுகள்ல நெனைக்கிறது தப்பு, 2015-ல வந்த லீப்ங்கிற ஆராய்ச்சி அதுக்கு நேர் எதிரா காட்டுச்சு, சின்னதுலயே குடுத்த குழந்தைங்களுக்குத்தான் அலர்ஜி ரொம்பக் கம்மியா வந்துச்சு. பாப்பாவுக்கு கடுமையான தோல் கரப்பானோ (எக்ஸிமா) முட்டை அலர்ஜியோ இருந்தா முதல்ல டாக்டர், இல்லன்னா வர்ற சனிக்கிழமை காலைல, ராத்திரி இல்ல, காலைல, வழவழன்னு இருக்கிற பீநட் பட்டரை வெந்நீர்ல கரைச்சு ஸ்பூன் நுனியில ஒரு நக்கு குடுங்க, பதினஞ்சு நிமிஷம் பாருங்க, ஒண்ணும் இல்லன்னா இன்னும் கொஞ்சம், அப்புறம் ரெண்டு மணி நேரம் கண்ணு அவ மேலயே இருக்கட்டும். உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தின்னா உடனே டாக்டர்கிட்ட, மூச்சு இழுத்தாலோ துவண்டு விழுந்தாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காம எமர்ஜென்சி. அது ஒத்துக்கிட்டா மூணு நாள் விட்டு அடுத்தது, நல்லா வேக வச்ச இறால் கடைசியா. ஏதாவது ஒண்ணு ஒத்துக்கலன்னு தெரிஞ்சா எனக்கு எழுதுங்க, டாக்டர் பார்த்துச் சரின்னு சொன்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ண வேண்டியதில்ல, அவ வாய்க்கு எட்டுற தட்டுல எது இருக்கலாம் எது கூடாதுன்னு மலாய்லயும் தமிழ்லயும் ஒரு அட்டை எழுதித் தரேன், கடையில காட்டிக்கலாம்.